பாம்புக்கடி மருந்துக்குச் சுண்டெலி சாக வேண்டுமா?

மஞ்சள்வால்:
அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மீது சோதிக்க 2014இல் இந்தியா தடை போட்டது. 2022 டிசம்பரில் அமெரிக்கா, புது மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. 2023இல் நம் மருந்து விதிகளும் திருத்தப்பட்டன. செல் வளர்ப்பு, கணினி மாதிரி, சிப்பின் மேல் வளர்க்கும் உறுப்புத் திசு எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. அப்புறமும் ஏன் எலியையும் முயலையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

என் பெயருக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். பி.ஃபார்ம் படித்தபோது ஆய்வகச் சுண்டெலிகளுக்கு அடையாளமாகப் பிக்ரிக் அமிலத்தைத் தொட்டு வைப்போம். ஒன்றுக்குத் தலை, இன்னொன்றுக்கு முதுகு, மூன்றாவதுக்கு வால். வெள்ளை உடம்பில் மஞ்சள் பொட்டு. பிறகு 55 டிகிரி சூட்டுத் தகட்டில் விட்டு, அது காலை நக்கும்வரை அல்லது துள்ளும்வரை ஸ்டாப்வாட்ச் பிடிப்போம். வலி மருந்து கொடுத்த எலி கொஞ்சம் தாமதமாகத் துள்ளும். அந்த விடை எங்கள் ரெக்கார்டு நோட்டில் முந்தைய ஆண்டு சீனியர் எழுதியபடியே ஏற்கெனவே இருந்தது. தெரிந்த விடைக்காக ஒவ்வொரு பேட்ச் மாணவரும் எலியைச் சுட்டுக்கொண்டிருந்தோம். புதுச்சேரி ஜிப்மரில் இதற்காகவே எக்ஸ்ஃபார்ம் என்ற கணினி நிரல் செய்திருக்கிறார்கள், திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது படிப்பு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கல்லூரிக்கு இது பொருந்தினால் மருந்துத் தொழிற்சாலைக்கு ஏன் பொருந்தாது?

டெல்டாநர்ஸ்:
கல்லூரி விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் "எல்லாவற்றையும் நிறுத்து" என்றால் நான் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு ராத்திரி வந்து பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், சுற்றிலும் வயல்.

அறுப்புக் காலம். ஒன்பது மணிக்கு ஓர் ஆளை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவருகிறார்கள். கணுக்கால் வீங்கியிருக்கிறது. எந்தப் பாம்பு என்று யாருக்கும் தெரியாது. "கட்டுவிரியன்" என்கிறார் ஒருவர், "சாரைதான்" என்கிறார் இன்னொருவர். நான் செய்வது ஒன்றுதான். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து மேசையில் அசையாமல் வைத்துவிடுவேன். இருபது நிமிடம். பிறகு மெல்லச் சாய்ப்பேன். ரத்தம் கட்டியாக நின்றால் எனக்கு மூச்சு வரும். அன்று அது தண்ணீர் மாதிரி ஓடியது. ரத்தத்தை உறையவிடாத விஷம், கண்ணாடி விரியன். பத்து குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றி, பக்கத்தில் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஆள் பிழைத்தார்.

அந்தப் பத்து குப்பியும் குதிரை ரத்தத்திலிருந்து வந்தவை. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அது உடம்பில் உண்டாக்கும் எதிர்பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் (பேட்ச்) சுண்டெலியில் சோதிக்கப்பட்டுத்தான் என் ஃபிரிட்ஜுக்கு வருகிறது. 2000 முதல் 2019 வரை நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் செத்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். இவர்களுக்கு நீங்கள் என்ன சிப் வைத்திருக்கிறீர்கள்?

கணக்கன்:
உணர்ச்சியைத் தள்ளிவைத்து ஒரு கேள்வி. எலியில் வேலை செய்தால் மனிதனில் வேலை செய்யும் என்று யார் சொன்னது? 2006 மார்ச், லண்டன். டிஜிஎன்1412 என்ற மருந்து. குரங்குகளுக்குக் கொடுத்துப் பாதுகாப்பானது என்று முடிவு செய்த அளவில் 500இல் ஒரு பங்கைத்தான் ஆறு ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. உயிர் பிழைத்தது தீவிர சிகிச்சையால். குரங்கு சொன்னது பொய்.

மஞ்சள்வால்:
+1. இதைத்தான் சொல்ல வந்தேன்.

வெட்டிக்காடு:
1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றார்கள். சுவை பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், ஒரு விலங்குக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பலர் குழந்தைகள். அதன் பிறகுதான் 1938 சட்டமே வந்தது. கணக்கன், உங்கள் ஒரு உதாரணத்துக்கு இது ஒரு உதாரணம்.

கணக்கன்:
அதே டைஎத்திலீன் கிளைக்கால்தான் 2022இல் காம்பியாவுக்குப் போன இருமல் சிரப்பிலும் இருந்தது. எலிச் சோதனைச் சட்டங்கள் எல்லாம் நடைமுறையில் இருந்த காலம் அது. அந்த நஞ்சைப் பிடிக்க எலி வேண்டாம். கலவையில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி கருவி போதும், அதைச் செய்யாததுதான் குற்றம். உங்கள் உதாரணம் என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது.

ஐம்பத்தெட்டு:
தம்பிகளா, நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. ஆனால் தொப்புளைச் சுற்றி ஊசி வாங்கியவன் என்பதால் சொல்கிறேன். எங்கள் காலத்தில் நாய் கடித்தால் 14 ஊசி, தினம் ஒன்று, வயிற்றில். பத்து வயதில் எனக்குப் போட்டார்கள். அம்மா கையைப் பிடிக்க, கம்பவுண்டர் காலைப் பிடிக்க. அந்த மருந்து செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1911இல் கசௌலியில் செய்த முறை. ஆட்டுக்கு வெறிநோய்க் கிருமியை ஏற்றி, அதன் மூளையை எடுத்து அரைத்துச் செய்வது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அதைத்தான் தயாரித்தார்கள். ஆடும் செத்தது, ஊசி போட்டவர்களில் சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. மூளைத் திசு கலந்திருந்ததுதான் காரணம். இந்த நூற்றாண்டு பிறந்த பிறகுதான் இந்தியாவில் அதை முழுதாக நிறுத்தினார்கள். இப்போது என் பேரனுக்கு நாய் கடித்தபோது தோள்பட்டையில் போட்டது செல் வளர்ப்புத் தடுப்பூசி. அழக்கூட இல்லை அவன்.

அப்போதும் "ஆடு இல்லாமல் முடியாது, ஜனங்கள் செத்துவிடுவார்கள்" என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். நர்ஸம்மா கோபிக்க வேண்டாம்.

டெல்டாநர்ஸ்:
கோபம் எதற்கு ஐயா. ஆனால் ஆட்டை நிறுத்தியது மாற்று வந்த பிறகுதானே, முன்னால் இல்லையே.

எலிக்கூடு:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் விஷமுறிவு மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். ஐயா சொன்ன செல் வளர்ப்புத் தடுப்பூசியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த வகைத் தடுப்பூசிகள் பலவற்றில் பயன்படும் வீரோ செல்கள் 1962இல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த வம்சம். அந்தத் தடுப்பூசியின் வீரியத்தைப் பார்க்கும் பழைய முறையிலும் சுண்டெலிதான். தடுப்பூசி போட்ட எலியின் மூளைக்குள் நேரடியாக வெறிநோய்க் கிருமியை ஏற்றி எது தப்புகிறது என்று எண்ணுவது. அதைக் கைவிட்டு, எலி இல்லாமல் ஆய்வகத் தட்டிலேயே அளக்கும் எலைசா முறைக்குப் போகும் முயற்சி இப்போதுதான் வேகம் பிடிக்கிறது. ஆடு தப்பியது என்னவோ நிஜம், எலி தப்பவில்லை.

இனி என் வேலை. மருந்தை வெவ்வேறு அளவில் விஷத்தோடு கலந்து 37 டிகிரியில் அரை மணி நேரம் வைப்போம். பிறகு 18, 20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் வால் ரத்தக்குழாயில் ஏற்றுவோம். வாலை வெதுவெதுப்பான நீரில் காட்டினால் அது தெரியும். மறுநாள் உயிரோடு இருப்பதை எண்ணுவோம். ஒரு மில்லி மருந்து நல்ல பாம்பு விஷத்தில் 0.6 மில்லிகிராம், கண்ணாடி விரியனில் 0.6, கட்டுவிரியனில் 0.45, சுருட்டை விரியனில் 0.45 முறிக்க வேண்டும். இது நம் நாட்டு மருந்துத் தர நூலான இந்தியன் ஃபார்மகோபியா கணக்கு. நான்கு விஷத்துக்கும் தனித்தனி எலிகள். தொகுதிக்குத் தொகுதி இதே வேலை.

கணக்கன் அண்ணா, டிஜிஎன்1412 உதாரணம் இங்கே ஒட்டாது. அது மனித நோயெதிர்ப்புச் செல்லின் ஒரு பூட்டுக்கென்றே செய்த சாவி, குரங்கின் அதே வகைச் செல்லில் அந்தப் பூட்டு இல்லை. நாங்கள் மனித உடம்பைப் பற்றி எலியிடம் எதுவும் கேட்பதில்லை. இந்தக் குப்பி இந்த விஷத்தை முறிக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. அதற்கு எலி தரும் பதில் மோசமில்லை. தமிழ்நாட்டுப் பாம்பு விஷத்தில் செய்த மருந்து வேறு மாநிலப் பாம்புகளுக்குச் சரியாக வேலை செய்யவில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக (ஐ.ஐ.எஸ்.சி.) ஆய்வாளர்கள் காட்டியதும் எலியை வைத்துத்தான்.

மஞ்சள்வால்:
இது நேர்மையான பதில், நன்றி. ஆனால் அந்த ஐ.ஐ.எஸ்.சி. ஆட்களே அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து குதிரையே இல்லாமல் ஆய்வகத்தில் ஓர் எதிர்பொருளை உருவாக்கியிருக்கிறார்களே, 2024இல் வந்தது. அது?

எலிக்கூடு:
வந்தது. நாகம், கட்டுவிரியன் வகைகளின் ஒரு நச்சுக் குடும்பத்துக்கு நல்ல பலன். அதையும் எதில் நிரூபித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சுண்டெலியில். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷத்துக்கு அது ஆகாது. குப்பியாக டெல்டா வரைக்கும் வர இன்னும் காலம் ஆகும்.

வெட்டிக்காடு:
பாம்பைப் பற்றி யாருமே பேசவில்லையே :) வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்குள் இருக்கும் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தைப் போய்ப் பார்த்திருக்கிறேன். 1978இல் தொடங்கியது. மண்பானையில் பாதி மணல், வாயில் துணி கட்டிப் பாம்பை வைத்திருப்பார்கள். மூன்று வாரத்தில் நான்கு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தச் சங்கிலியில் உயிரோடு வீட்டுக்குத் திரும்புவது பாம்பு மட்டும்தான் போலிருக்கிறது.

மட்டுறுத்துநர்:
"எலி தின்னும் ஜாதிக்கு எலிமேல் என்ன பாசம்" என்று எழுதிய இடுகை நீக்கப்பட்டது. எழுதியவருக்கு ஒரு வாரம் ஓய்வு. இருளர் பெயரை இந்த இழையில் இழுக்காதீர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நர்ஸ் அம்மா ஃபிரிட்ஜில் ஒன்றும் இருக்காது.

மஞ்சள்வால்:
சரி, என் நிலைப்பாட்டைக் குறுக்கிக்கொள்கிறேன். நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்து என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு கேள்வி.

ஒன்று: சாவை ஏன் எண்ண வேண்டும்? எலி புரண்டு எழ முடியாத நிலைக்கு வந்தாலே விடை தெரிந்துவிடுகிறதே. அப்போதே வலியில்லாமல் முடித்துவிடலாம். சோதனைக்கு முன் வலி மருந்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. உங்கள் இடத்தில் செய்கிறீர்களா?

இரண்டு: டெல்டாநர்ஸ் மேசையில் கண்ணாடிக் குழாய் வைத்து இருபது நிமிடத்தில் கண்டுபிடிப்பதை நீங்கள் ஏன் எலி உடம்பில் தேடுகிறீர்கள்? கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தைத்தானே கெடுக்கிறது. பிளாஸ்மா, விஷம், மருந்து மூன்றையும் குழாயில் சேர்த்து உறைகிறதா என்று பார்த்தால் ஆகாதா?

எலிக்கூடு:
முதல் கேள்விக்கு: இல்லை. கேட்டுப் பார்த்தேன். வலி மருந்து கொடுத்தால் முடிவு மாறிவிடும், ஆடிட்டில் மாட்டுவோம் என்றார் மேலே உள்ளவர். மாறுகிறதா என்று சோதித்துப் பார்த்தோமா என்றால் அதுவும் இல்லை. ராத்திரி ஷிப்டில் கூண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டு நடப்பது எனக்கொன்றும் பிடித்த வேலை இல்லை. விரியன் வரிசையைவிடக் கட்டுவிரியன் வரிசை அமைதியாக இருக்கும், மூச்சு மட்டும் குறைந்துகொண்டே வரும். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

இரண்டாவதுக்கு: நியாயமான கேள்வி. விரியன் இரண்டுக்கும் உறைதல் சோதனை ஓரளவு ஒத்துப்போகிறது. ஆனால் கட்டுவிரியனும் நாகமும் நரம்பு விஷம். குழாயில் நரம்பு கிடையாது. கோழிக்குஞ்சின் கழுத்துத் தசையை எடுத்துச் செய்யும் முறை ஒன்று உண்டு, அதற்கும் குஞ்சு சாக வேண்டும்.

டெல்டாநர்ஸ்:
கட்டுவிரியனை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். கடித்த இடத்தில் வீக்கமே இருக்காது, வலியும் இருக்காது. தரையில் படுத்திருந்த பிள்ளை விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழும். வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கொண்டுவரும்போது இமை தூக்க முடியாது. அந்த நேரத்தில் வீரியம் குறைந்த குப்பி என் கையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மஞ்சள்வால்:
அப்படியானால் நான்கில் இரண்டு. விரியன் இரண்டுக்கும் முதலில் குழாய், குழாயில் தேறிய தொகுதிக்கு மட்டும் எலி. தேறாத தொகுதிக்கு எலியைக் கொல்லவே வேண்டாம். இதற்கு எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லையே?

கணக்கன்:
கணக்குப்படி எலி கணிசமாகக் குறையும். கொள்கைப்படி நான் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

எலிக்கூடு:
தேறாத தொகுதிகள் அப்படியொன்றும் அதிகம் இல்லை, அதனால் பெரிதாகக் குறையாது. ஆனால் அளவு தேடும் முதல் கட்டத்தில் நிறையவே மிச்சமாகும். எந்த அளவில் ஆரம்பிப்பது என்று இப்போது எலியை வைத்துத்தான் துழாவுகிறோம். அதைக் குழாய்க்கு மாற்றலாம். எங்கள் நெறிமுறைக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. வலி மருந்தையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துப் பார்க்கிறேன்.

டெல்டாநர்ஸ்:
எழுதுவது எழுதுகிறீர்கள், குப்பிக்குள் இருக்கும் மருந்துப் பொடி சீக்கிரம் கரைகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்றும் ஒரு வரி போடுங்கள் தம்பி. குலுக்கினால் நுரை பொங்குகிறது. பத்து குப்பியையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது, கூட வந்தவர்கள் "என்னம்மா விளையாடுறீங்க" என்று சண்டைக்கு வருகிறார்கள்.