புதுப்பிப்பு: பாரெட் ஆனர்ஸ் கல்லூரியில் ஓராண்டு

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், வழக்கமான பட்டப்படிப்போடு கூடுதல் சவாலான பாடங்களையும் தரும் பாரெட் ஆனர்ஸ் கல்லூரியில் சேர்ந்தால் பொறியியல் பாடங்களோடு சமாளிக்க முடியுமா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். சேர்ந்து, முதலாண்டையும் முடித்துவிட்டேன். என்னை உண்மையிலேயே மாற்றியது, முதலாண்டில் 2 பருவங்கள் படிக்க வேண்டிய ‘தி ஹியூமன் ஈவென்ட்’ கருத்தரங்குதான். சிறு குழுவாக அமர்ந்து பழைய நூல்களை வரிவரியாக விவாதிக்க வேண்டும். என் முதல் கட்டுரையின் ஓரத்தில் ‘இதற்கு நூலில் ஆதாரம் எங்கே?’ என்று ஆசிரியர் பென்சிலால் நான்கு இடங்களில் எழுதியிருந்தார். அன்றிலிருந்து பக்கத்தைக் குறித்துக்கொள்ளாமல் நான் வகுப்பில் வாய் திறப்பதில்லை.

வழக்கமான பாடத்திலும், பேராசிரியரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கூடுதல் பணி முடித்தால் அது ஆனர்ஸ் பாடமாகக் கணக்கில் சேரும் என்பதைப் புதிதாகச் சேர்பவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். இயற்பியல் ஆய்வகத்துக்குள் நான் நுழைந்தது அந்த வழியாகத்தான். படிப்பின் இறுதியில் ஆய்வேடு எழுதி மதிப்பீட்டுக் குழுவின் முன் விளக்க வேண்டும் என்பதால், வழிகாட்டியை இப்போதே தேடத் தொடங்கியிருக்கிறேன்.