வலது ஓரத்தில் மட்டும் பாவு அறுந்துகொண்டே இருக்கிறது: குழித்தறி, 80ஆம் நம்பர் பருத்தி (உதவி தேவை)

புதுத்தறி (நெகமம் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரமாகத் தவிக்கிறேன். அப்பா நாற்பது ஆண்டுகளாக நெய்த குழித்தறி இது. அவருக்குக் கண்புரை அறுவை முடிந்து ஓய்வில் இருப்பதால், தை மாதத்திலிருந்து நான் உட்கார்ந்திருக்கிறேன். பருத்திப் புடவை. பாவு (நீளவாட்டு இழை), ஊடை (குறுக்கிழை) இரண்டும் 80ஆம் நம்பர் நூல். அச்சு (இழைகளைப் பிரித்து, ஊடையை அடித்துச் சேர்க்கும் சீப்பு) 72, அதாவது இரண்டு அங்குலத்துக்கு 72 பல், பல்லுக்கு இரண்டு இழை, அச்சில் அகலம் 50 அங்குலம்.

முதல் பாவு ஒழுங்காக ஓடி முடிந்தது. இரண்டாவது பாவைப் பழைய பாவின் முனையோடு பிணைத்த பிறகுதான் இந்தத் தொல்லை. வலது ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்குள் இழைகள் அறுகின்றன. ஒரு முழம் நெய்வதற்குள் ஏழெட்டு முறை நிறுத்தி முடிச்சுப் போடுகிறேன். மூன்று நாளில் இறங்க வேண்டிய புடவை ஆறு நாளாகிறது. நூல் வாங்கிய இடத்தில் கேட்டால் கஞ்சி சரியில்லை என்கிறார்கள். கஞ்சி போட்டவர் நூலைக் குறை சொல்கிறார். பாவையே அறுத்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஈரமண்

தம்பி, பங்குனி வெயிலில் எல்லோருக்கும் இந்த அவதி உண்டு. காய்ந்த காற்றில் பருத்தி முறுகிப்போகும். நனைந்தால் பட்டு வலுவிழக்கும், பருத்தி வலுக்கூடும். நம் முன்னோர் தறியைக் குழிக்குள் இறக்கியதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. குழிச் சுவரில் காலையும் மதியமும் தண்ணீர் தெளியுங்கள். பாவுக்கு அடியில் ஈரச் சாக்கு விரியுங்கள். தெற்குச் சன்னலை மூடிவிடுங்கள்.

சேலத்தில் படித்தவள்

ஈரம் தேவைதான் அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் காற்று காய்ந்திருந்தால் 3,600 இழையில் எங்கு வேண்டுமானாலும் அறுந்திருக்கும். கஞ்சி போதவில்லை என்றாலும் அப்படித்தான். பாவு நீட்டிக் கஞ்சி தேய்க்கும்போது வலது ஓரத்தை மட்டும் யாரும் விட்டுவிட மாட்டார்கள். ஒரே ஓரத்தில், இரண்டு அங்குலத்துக்குள் என்றால் குற்றம் தறியில் இருக்கிறது. நூலின் மேல் இவ்வளவு சீக்கிரம் பழி போட வேண்டாம். பாவை அறுக்கவும் வேண்டாம்.

கோர்வைத்தறி (காஞ்சிபுரம்)

அந்தப் பெண் சரியாகச் சொல்கிறாள். தம்பி, இரண்டு விவரம் வேண்டும். இழை எந்த இடத்தில் அறுகிறது? இழையை ஏற்றி இறக்கும் விழுதுக்குப் பின்னாலா, விழுதுக்கும் அச்சுக்கும் இடையிலா, அச்சுக்கும் துணிக்கும் இடையிலா? அடுத்தது, அறுந்த முனை எப்படி இருக்கிறது? முடிச்சுப் போடும் அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அடுத்த முறை அறுந்ததும் எழாதீர்கள். முனையைக் கறுப்புத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள். இழுப்பில் போன நூல் பொசுக்கென்று குட்டையாக நிற்கும். எதிலாவது வெட்டுப்பட்டிருந்தால் கத்தரித்தாற்போல் இருக்கும். தேய்ந்து போனது என்றால் விளக்குமாற்றுக் குச்சிபோல் பிரிந்திருக்கும், அறுந்த இடத்துக்கு முன்னாலும் ஓரிரு அங்குலத்துக்குப் பஞ்சு எழும்பியிருக்கும்.

புதுத்தறி

ஐயா, இன்று பத்து முனைகளைப் பார்த்தேன். அப்பாவின் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன். ஒன்பது பஞ்சாகப் பிரிந்திருக்கின்றன, ஒன்றுதான் குட்டையாக நிற்கிறது. அறுந்துபோவது எல்லாம் அச்சுக்கும் துணிக்கும் இடையில்தான். அச்சுப் பற்களின் அடியில் வெள்ளைத் தூசுபோல் பஞ்சு சேர்ந்திருக்கிறது, அதுவும் வலது பக்கத்தில் மட்டும்.

கோர்வைத்தறி

நல்லது, பாதி தெரிந்துவிட்டது. அச்சுப் பல் நூலைத் தின்கிறது. அச்சில் 50 அங்குலம் என்றீர்கள். நெய்த துணி எவ்வளவு? துணி சுருட்டும் படைமரத்தில் சுற்றியதை அளக்காதீர்கள். அச்சு அடிக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அளந்து சொல்லுங்கள்.

புதுத்தறி

46½ அங்குலம்.

கோர்வைத்தறி

அதுதான் விஷயம். ஒன்றரை, இரண்டு அங்குலம் உள்வாங்கினால் பரவாயில்லை. மூன்றரை அங்குலம் உள்வாங்கினால் ஓர இழை அச்சுக்குள் நேராக வர முடியாது. சாய்ந்து வந்து, பல்லின் விளிம்பில் உரசிக்கொண்டே துணியைச் சேரும். அச்சு அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு உரசல். நடு இழைகள் நேராக வருவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து கோக்கும் எங்கள் கோர்வைத் தறியில், ஊடையைக் கொண்டு ஓடும் நாடா மூன்று. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஓரத்தில் உட்காரும் பையன் கரை ஊடையைக் கொஞ்சம் சுண்டி இழுத்துவிட்டால் போதும், மாலைக்குள் கரை கோணி நிற்கும். என் முதல் குருவிடம் நான் திட்டு வாங்கியதும் அதற்குத்தான். அதனால் அகலத்தை அளக்காமல் நான் எதையும் சொல்வதில்லை.

துணியை விரித்துப் பிடிக்க இரு முனையிலும் முள் வைத்த குச்சி போடுகிறீர்கள் அல்லவா? அதைக் கழற்றி இரண்டு முனையையும் பாருங்கள். எத்தனை விரல் நெய்ததும் நகர்த்துகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

சேலத்தில் படித்தவள்

ஊடையின் இழுப்பையும் பார்த்துவிடுங்கள் அண்ணா. நாடாவை மேசையில் வைத்து, அதனுள் ஊடை சுற்றியிருக்கும் தாரிலிருந்து நூலை மெதுவாக இழுங்கள். நூல் மட்டும் வரவேண்டும். நாடாவும் கூடவே நகர்ந்தால் நூல் இறுக்கமாக வருகிறது என்று பொருள்.

புதுத்தறி

நாடா நகரவில்லை, ஊடை சரிதான். ஆனால் குச்சியைக் கழற்றியதும் உண்மை தெரிந்தது. வலது முனையில் ஐந்து முள்ளில் மூன்று மடங்கிக் கிடக்கின்றன. பாவு மாற்றிய அன்று அது என் கையிலிருந்து நழுவிக் குழிக்குள் விழுந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. துடைத்து எடுத்து அப்படியே மாட்டிவிட்டேன். நெய்யும்போது அந்த முனை துணியிலிருந்து வழுக்கி உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் நான்கு விரலுக்கு ஒரு முறைதான் நகர்த்தியும் வந்தேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தறியருகே உட்கார்ந்தார். மருத்துவர் குனியக் கூடாது என்றிருப்பதால் அச்சைக் கழற்றித் தரச் சொல்லவில்லை. கையை நீட்டி, வலது ஓரப் பற்களின் மேல் சுட்டுவிரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினார். ஒரு இடத்தில் நகம் நின்றது. அடுத்த பல்லிலும் அதே உயரத்தில் நின்றது. பத்துப் பன்னிரண்டு பற்களில் அப்படி. “இது பழைய பள்ளம், என் காலத்திலேயே உண்டு. அகலம் நின்றவரை இது கடிக்கவில்லை” என்றார். நானும் நகத்தை வைத்துப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விரலுக்குத் தெரிந்தது.

கோர்வைத்தறி

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாற்பது ஆண்டும் ஒரே அகலத்தில் நெய்தால் ஓர இழை ஒரே பல்லில் ஓடி ஓடி அறுத்துவிடும். இப்போதைக்கு முள்ளை நிமிர்த்தாதீர்கள், நிமிர்த்திய முள் மீண்டும் மடங்கும். புது முள் அடியுங்கள். அச்சில் உள்ள அகலத்துக்குக் குச்சியின் நீளத்தை வைத்து, துணியின் விளிம்பை ஒட்டிப் போடுங்கள். இரண்டு விரலுக்கு ஒரு முறை நகர்த்துங்கள், அதைத் தாண்டாதீர்கள்.

புதுத்தறி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். புது முள் அடித்தாயிற்று. துணி இப்போது 48¼ அங்குலம். நேற்று ஒரு முழத்துக்கு ஒரு இழைதான் அறுந்தது, இன்று காலையிலிருந்து இரண்டு. ஈரச் சாக்கும் போட்டிருக்கிறேன். ஈரமண் அண்ணா சொன்னதை விடவில்லை. இந்தப் பாவில் இன்னும் மூன்று புடவை இருக்கிறது. அதன் பிறகு பள்ளம் விழுந்த பற்களை என்ன செய்வது? அச்சு மொத்தம் 54 அங்குலம், இரு பக்கமும் இடம் இருக்கிறது.

கோர்வைத்தறி

அப்படியானால் அச்சை மாற்ற வேண்டாம். அடுத்த பாவைப் பழைய பாவோடு பிணைத்து இழுத்துவிடாமல், இழைகளை அச்சிலிருந்து உருவி, ஓர் அங்குலம் இடது பக்கம் தள்ளிக் கோத்துக்கொள்ளுங்கள். பள்ளம் விழுந்த பல் வெளியே போய்விடும். இடது ஓரத்திலும் பள்ளம் இருக்கும், அங்கே உள்ளே வரும் பற்களில் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளிய இழைதான் ஓடும், அது அவ்வளவு சாயாது. 3,600 இழை, 1,800 பல். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரு நாளில் முடியும். விழுதையும் அதே ஓர் அங்குலம் நகர்த்துங்கள், மறந்தால் இழை அங்கே சாயும்.

புதுத்தறி

அம்மா எதிரே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். பாவு இறங்கியதும் கோத்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.