டிக் போடாத செக்பாக்ஸ் எங்கே போனது? ‘ஒரே பெயர் போதும்’ என்கிறவர்களுக்கு

ஆணிவேர்:
நேற்று இன்னொரு இழையில் பழையகை எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பெர்ல் மொழியில் கையாளும் வலைப்பக்க ஃபார்மில் ஒரே மாதிரியான வரிகள் பல வந்தால் எல்லா வரியின் ஃபீல்டுகளுக்கும் ஒரே பெயரை வையுங்கள், சர்வரில் அரேயாக, அதாவது வரிசைப் பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றாக லூப் ஓட்டுங்கள், பெயரோடு எண் ஒட்டுவது வேண்டாத வேலை என்று சொல்லியிருந்தார். புதிதாக வந்த ஒருவர் நன்றி சொல்லி அதை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மூன்று வரி வையுங்கள்: ஆணி, கயிறு, கண்ணாடிக் குடுவை. ஒவ்வொன்றிலும் பொருள், எண்ணிக்கை, ‘உடையும்’ என்று ஒரு செக்பாக்ஸ். குடுவைக்கு மட்டும் டிக் போட்டு அனுப்புங்கள். பொருள் அரேயில் மூன்று இருக்கும், எண்ணிக்கையில் மூன்று இருக்கும், ‘உடையும்’ அரேயில் ஒன்றுதான் இருக்கும். டிக் போடாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. அந்த ஒன்று முதல் இடத்தில் உட்காரும். இப்போது ஆணி உடையும் பொருள், குடுவை உடையாத பொருள். எர்ரர் வராது, எச்சரிக்கையும் வராது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் சரக்கு அனுப்பும் ஃபார்ம் இப்படித்தான் இருந்தது. குடுவைப் பெட்டி அடியில் போனது, மேலே ஆணி மூட்டை. மூன்று வாரம் பேக்கிங் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

பழையகை:
தம்பி, முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள். ஃபீல்டுகள் பக்கத்தில் இருக்கிற வரிசையிலேயே சர்வருக்குப் போக வேண்டும் என்று 1999-ல் வந்த எச்டிஎம்எல் 4.01 தரத்திலேயே இருக்கிறது. வரிசை உறுதி. உறுதியான வரிசைக்கு எதற்கு எண்? ஃபீல்டின் மதிப்பை எடுத்துத் தரும் பேராமைப் பட்டியலாக, அதாவது லிஸ்ட் கான்டெக்ஸ்டில் கேட்டால் எல்லா மதிப்பும் வரிசையாக வந்து விழுகிறது. நான் இப்படி எழுதிய ஃபார்ம்கள் இன்னும் ஓடுகின்றன.

ஆணிவேர்:
அதே 4.01-ல் அதே பகுதியைக் கொஞ்சம் மேலே தள்ளிப் படியுங்கள். டிக் போடாத செக்பாக்ஸ் அனுப்பத் தகுதியான ஃபீல்டே இல்லை என்று அங்கேதான் எழுதியிருக்கிறது. வரிசை உறுதிதான், யார் மறுத்தது? வராத ஒன்று வரிசையில் எங்கே நிற்கும்?

அப்புறம், தம்பி என்று கூப்பிட வேண்டாம். நம் வயது இருவருக்கும் தெரியாது.

தூரிகை:
இதற்கு ஏன் சண்டை? செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில் பக்கத்தில் தெரியாத ஒரு ஹிட்டன் ஃபீல்டு வைத்து 0 கொடுங்கள். டிக் இல்லாவிட்டால் 0 வரும். தீர்ந்தது.

ஆணிவேர்:
தீரவில்லை. ஹிட்டன் ஃபீல்டு எப்போதும் போகும். டிக் போட்ட வரியில் 0-வும் போகும், 1-ம் போகும். மூன்று வரிக்கு 0, 0, 0, 1 என்று நான்கு மதிப்பு. முன்னே இரண்டு குறைவாக வந்தது, இப்போது ஒன்று கூடுதலாக வருகிறது. வரிசை இரண்டு வகையிலும் கெட்டது.

பெயரில் எண் இருந்தால் இந்த ஹிட்டன் வேலை செய்யும், ஆனால் அங்கேயும் கவனம் வேண்டும். பேராம் இருக்கிற சிஜிஐ.பிஎம் மாட்யூலில் ஸ்கேலராக, அதாவது ஒற்றை மதிப்பாகக் கேட்டால் முதல் மதிப்பு வரும், அதாவது எப்போதும் 0. மோஜோலிஷியஸ் ஃபிரேம்வொர்க்கில் கேட்டால் கடைசி மதிப்பு வரும், அதாவது 1. ஒரே ஃபார்ம், இரண்டு பதில்.

பழையகை:
செக்பாக்ஸ் செக்பாக்ஸ் என்று இதையே பிடித்துத் தொங்குகிறீர்கள். செக்பாக்ஸுக்கு வேல்யூவாக வரி எண்ணைக் கொடுங்கள். வரிகளை 0-விலிருந்து எண்ணுகிறோம், குடுவைக்கு டிக் போட்டால் 2 வரும். வந்த எண்களை ஒரு ஹேஷில் (கீயும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் பட்டியலில்) போட்டு, லூப்பில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. இரண்டு வரி கோடு.

ஆணிவேர்:
எண் வேண்டாம் என்றவர் எண் போட்டுவிட்டார்.

பழையகை:
வேல்யூவில் போட்டேன். பெயரில் போடவில்லை. வித்தியாசம் தெரியாவிட்டால் விவாதிக்க வராதீர்கள்.

மோஜோபிரியன்:
2015-ல் பெர்ல் 5.22 வந்தபோதே சிஜிஐ.பிஎம்-மைக் கோரிலிருந்து, அதாவது பெர்லோடு சேர்ந்தே வரும் மாட்யூல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். லிஸ்ட் கான்டெக்ஸ்டில் பேராம் கேட்பது ஆபத்து என்று 2014-ல் பக்ஸில்லா என்ற பிழைப் பதிவு மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோதே தெரிந்தது. ஹேஷ் கட்டும்போது நடுவில் பேராம் போட்டால், ஒரே ஃபீல்டை மூன்று முறை அனுப்புகிறவன் உங்கள் ஹேஷில் அவனுக்குப் பிடித்த கீயை நுழைத்துவிடுவான். அதனால்தான் பல மதிப்பு கேட்க மல்டி_பேராம் என்று தனியாக வந்தது. பழையகை இன்னும் பேராமையே சிபாரிசு செய்கிறார்.

பழையகை:
கோரிலிருந்து எடுத்தால் செத்துவிட்டது என்று அர்த்தமா? பெர்ல் மாட்யூல் கிடங்கான சிபானிலிருந்து ஒரு நிமிடத்தில் இறங்கும். என் கோடில் அரேயில்தான் வாங்குகிறேன், ஹேஷுக்குள் போடவில்லை. உங்களுக்கு ஃபிரேம்வொர்க் இல்லாமல் ஒரு ஃபார்ம் எழுதத் தெரியுமா? போன மாதம் பிழையைப் பிடித்துக் கொடுக்கும் ஸ்ட்ரிக்ட் இல்லாமல் கோடு ஒட்டி, நான் திருத்தியதை மறந்துவிட்டீர்களா?

மோஜோபிரியன்:
அது பத்து வரி சோதனைக் கோடு. அதை இங்கே இழுப்பது எதற்கு? மோஜோலிஷியஸில் எவ்ரி_பேராம் என்று கேட்டால்தான் எல்லா மதிப்பும் வரும், தெரியாமல் லிஸ்ட் விழாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆணிவேர்:
சிஜிஐ.பிஎம் உயிரோடு இருக்கட்டும். என் கேள்வி வேறு. பயனர் பிரவுசரிலேயே நடுவில் இருக்கும் கயிறு வரியை அழிக்கிறார். பொருள் அரேயில் இப்போது ஆணி 0, குடுவை 1. செக்பாக்ஸ் வேல்யூ இன்னும் 2. உங்கள் லூப் 1-ஐத் தேடும், ஹேஷில் இருப்பது 2. குடுவை மறுபடி அடியில் போகும். ஒவ்வொரு அழிப்புக்கும் ஜாவாஸ்கிரிப்டில் எண்களைத் திருப்பி அடுக்குவீர்களா?

இன்னொன்று. வரிக்கு ஒரு ரேடியோ பட்டன் குழு வைத்துப் பாருங்கள்: ‘லாரி’ அல்லது ‘ரயில்’. எல்லா வரிக்கும் ஒரே பெயர் என்றால் முழு ஃபார்முக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டன்தான் அழுந்தும். இரண்டாவது வரியில் ரயிலைத் தொட்டதும் முதல் வரியில் அழுத்தியது அணைந்துவிடும். இதற்கு வேல்யூவில் எண் போட்டு ஒன்றும் ஆகாது.

பொருள்.0.உடையும், பொருள்.2.உடையும் என்று பெயரிலேயே எண் வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சிஜிஐ எக்ஸ்பாண்ட் என்ற மாட்யூல் அதை அப்படியே ஹேஷ்களின் அரேயாக விரித்துக் கொடுக்கும். எச்டிஎம்எல் ஃபார்ம்ஹேண்ட்லர் மாட்யூலில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கு ரிப்பீட்டபிள் ஃபீல்டு என்று தனியாகவே இருக்கிறது, பெயர்களை அதுவே இப்படி உருவாக்கும்.

பழையகை:
சிஜிஐ எக்ஸ்பாண்ட்! நடு வரியை அழித்தால் அங்கே அரேயில் ஓட்டை விழும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். 1 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. உங்கள் லூப் அங்கே தடுமாறும். அரே எண்ணுக்கு அதில் 100 என்று ஒரு வரம்பும் உண்டு. புதிய வரிக்கு நேரத்தை மில்லிசெகண்டில் எடுத்து எண்ணாக வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் எத்தனை பேர்! முதல் வரியிலேயே நிரல் நின்றுவிடும்.

ஆணிவேர்:
ஓட்டையை ஒரு கிரெப் போட்டு வடிகட்டினால் போகும். அந்த 100 வேண்டுமென்றேதான் வைக்கப்பட்டது. ஒருவன் பத்துக் கோடியாவது வரி என்று அனுப்பினால் பெர்ல் அவ்வளவு பெரிய அரேக்கு மெமரி ஒதுக்கப் போய்விடும். வரம்பை மாற்றிக்கொள்ளவும் முடியும். குடுவைக்குப் பதில் சொல்லுங்கள்.

பழையகை:
எக்ஸ்பாண்ட் இல்லாமல் கையால் ஹேஷ் கட்டுகிறவர்கள் கீகளை சும்மா சார்ட் போடுவார்கள், அது எழுத்து வரிசையில் அடுக்கும். 0, 1, 10, 11, 2 என்று வரும். பெயரில் எண் போட்டவர்கள் அத்தனை பேரும் இதில் விழுந்திருக்கிறார்கள். என் முறையில் சார்ட்டே தேவையில்லை.

ஆணிவேர்:
எண்ணாக ஒப்பிட்டு சார்ட் போட ஒரு குறி மாற்றினால் போதும். நான் கேட்டது அழித்த வரி. கேட்டது ரேடியோ.

பழையகை:
என் ஃபார்ம்களில் ரேடியோ கிடையாது. கீழே விரியும் செலக்ட் பட்டியல் வைப்பேன்.

தூரிகை:
நேற்று நன்றி சொல்லிவிட்டுப் போனவர் நான்தான். எனக்கு எட்டு வரி, வரிக்கு இரண்டு செக்பாக்ஸ், பயனர் வரிகளை அழிக்கலாம். நான் எப்படிப் பெயர் வைப்பது?

ஆணிவேர்:
பெயரில் எண். அழித்தாலும் மற்ற வரிகளின் எண்ணைத் தொடாதீர்கள். செக்பாக்ஸ் கீ இருந்தால் டிக், இல்லாவிட்டால் இல்லை.

பழையகை:
ஒரே பெயர், செக்பாக்ஸ் வேல்யூவில் எண். அழிக்கும்போது எண்களை மறுபடி அடுக்க நான்கு வரி ஜாவாஸ்கிரிப்ட். தம்பி சொல்வதைக் கேட்டு மாட்யூலாக இறக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

மோஜோபிரியன்:
பேராம் இல்லை, மல்டி_பேராம்.

ஆணிவேர்:
நான்கு வரி ஜாவாஸ்கிரிப்ட் என்று இப்போதுதான் வருகிறது. காலையில் ‘வரிசை உறுதி’ என்றீர்கள். உறுதியான வரிசையை ஏன் மறுபடி அடுக்குகிறீர்கள்? முதல் பதிவில் இருக்கிற மூன்று வரி ஃபார்மை எழுதி, கயிறை அழித்து, குடுவைக்கு மட்டும் டிக் போட்டு அனுப்பி, சர்வரில் வந்ததை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

பழையகை:
எனக்கு வேறு வேலை இருக்கிறது. வேல்யூவில்தான் எண்.