இமாச்சலப் பதிவில் உள்ள பழைய லேண்ட் குரூசர்: ஏற்காட்டுத் தோட்டத்துக்கு வாங்கலாமா?

நாகலூர் மிளகு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகலூரைத் தாண்டி எங்களுக்கு ஆறு ஏக்கரில் காப்பியும் மிளகும் இருக்கின்றன. தார்ச்சாலை முடிந்தபின் மூன்று கிலோமீட்டர் மண்பாதை, அதில் இரண்டு இடங்களில் ஓடை குறுக்கே ஓடுகிறது. கார்த்திகையில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் அந்தப் பாதை மிகவும் கெட்டுக் கிடக்கும். அப்பா காலத்து ஜீப்பின் சேசிஸ் (அடிச்சட்டம்) துருப்பிடித்து விரிசல் விட்டதால் அதை நிறுத்திவிட்டோம்.

இப்போது ஈரோட்டுத் தரகர் ஒருவர் மூலம் டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசை வண்டி ஒன்று வந்திருக்கிறது. ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியானது, 4.2 லிட்டர் டர்போ டீசல் என்கிறார்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) தயாரிப்பு ஆண்டு 2003, இமாச்சலப் பிரதேசத்தில் முதல் பதிவு 2005 என்று இருக்கிறது. விலை 13 லட்சம். பதிவை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று தயாராக இருப்பதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லட்சம் முன்பணம் தரவேண்டும் என்றும் சொல்கிறார். இந்த வண்டியின் மீது எனக்குப் பல ஆண்டு ஆசை. இருந்தாலும் பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்த பணத்திலிருந்து எடுக்கவேண்டியிருப்பதால், எதைப் பார்த்து வாங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை நூல்கடை எழுதியது:

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள். இதை முழுவதும் படிக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

நம் நாட்டில் பழைய வண்டியை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால், அது தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, வலப்பக்கம் ஸ்டியரிங் இருக்கவேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரவேண்டும் என்பது விதி. உங்கள் ஆர்.சி.யில் உள்ள 2003, 2005 என்ற இரண்டு ஆண்டுகளும் இந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகின்றன. எனக்கு அங்கேதான் சந்தேகம் வருகிறது. ஜப்பானியச் சந்தையில் 80 வரிசைக்குப் பதிலாக 100 வரிசை 1998 வாக்கிலேயே வந்துவிட்டது. அப்படியிருக்க, ஜப்பானிலிருந்து வந்த 80 வரிசை வண்டிக்கு 2003 எப்படித் தயாரிப்பு ஆண்டாக இருக்கமுடியும் என்று தரகரிடம் கேளுங்கள்.

வண்டி முறையாக வந்திருந்தால் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க ஆவணமும், வரி கட்டிய ரசீதும் இருக்கவேண்டும். ஆர்.சி. இருப்பதாலேயே இறக்குமதி சரியானது என்று ஆகிவிடாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் நடத்திய சோதனைகளை நினைத்துப் பாருங்கள். பூடான் மொழியில் அந்தச் சொல்லுக்கு வாகனம் என்று பொருள். பூடான் வழியாகக் கொண்டுவந்து, போலி ஆவணங்களால் இமாச்சலம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட வண்டிகளைத்தான் தேடினார்கள்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல் ஒரு தரகரை நம்பி, வெளிமாநிலப் பதிவில் இருந்த ஜப்பானிய வண்டியை ஏழு லட்சத்துக்கு வாங்கினேன். பதினான்கு மாதம் ஓட்டினேன். ஒருநாள் காலை ஆறு மணிக்கு அதிகாரிகள் வந்து, சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கையிலிருந்த நகலோடு ஒப்பிட்டார்கள். ஓர் எண் மட்டும் மற்றவற்றைவிடச் சற்றே தாழ்ந்து பதிந்திருந்தது. வண்டியை அன்றைக்கே எடுத்துப் போய்விட்டார்கள். நான் தெரியாமல் வாங்கியவன் என்பதை அவர்கள் நம்பினார்கள், ஆனால் அதனால் வண்டி திரும்பி வரவில்லை. பறிமுதல் என்பது வண்டியைத் தொடர்ந்து வருவது, அது யார் கையில் இருந்தாலும் சரி. தரகரின் கைப்பேசி அதற்கு முன்பே அணைந்துவிட்டது.

செலவுக் கணக்கையும் பாருங்கள். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் அறிவிக்கைப்படி, இருபது ஆண்டு கடந்த சாதாரணக் காருக்குக் கட்டணம் 10,000 ரூபாய், இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்கு 80,000 ரூபாய். இங்கே புதிய எண் வாங்கும்போது தமிழ்நாட்டு வரி தனி.

அஸ்தம்பட்டி பட்டறை எழுதியது:

நூல்கடை அண்ணன் சொன்னதற்குமேல் ஆவணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வண்டியை நேரில் பார்க்கப் போனால் டார்ச் லைட்டும் ஒரு கம்பித் தூரிகையும் கொண்டு போங்கள். வலது முன் சக்கரத்தருகே சேசிஸ் சட்டத்தில் எண் அடித்திருப்பார்கள். ஜப்பான் உள்நாட்டு வண்டியாக இருந்தால் பதினேழு எழுத்து எண் இருக்காது, எச்.டி.ஜே.81 போன்ற மாடல் குறியும் அதன்பின் வரிசை எண்ணும்தான் இருக்கும். சேற்றைத் துடைத்துவிட்டு, சுற்றிலும் வெல்டிங் தழும்போ புதுப் பெயின்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முன் இருக்கையின் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் உள்ள ஆண்டைப் படியுங்கள். ஆர்.சி.யை மாற்றுகிறவர்கள் அந்தச் சீட்டை மறந்துவிடுவார்கள்.

இன்ஜின் விஷயத்தில், 4.2 டர்போவின் தொடக்ககால 1எச்.டி-டி வகையில் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்துப் பேரிங்) தேய்வது உலகம் முழுவதும் தெரிந்த குறை. பேரிங் மாற்றிய ரசீது இல்லையென்றால், இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசக்கூடாது. டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

இன்னொன்று. நான் அந்தப் பக்கம் பலமுறை வந்திருக்கிறேன். லேண்ட் குரூசர் இரண்டு டன்னுக்கு மேல் கனமுள்ள அகலமான வண்டி. ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை அது எளிதாக ஏறிவிடும், ஆனால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் உங்கள் தோட்டப் பாதையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. சேறு கண்ட இடத்தில் கனம் குறைந்த வண்டிதான் புதையாமல் போகும். மாருதி ஜிப்சி ஏறத்தாழ ஒரு டன் எடையும் 1.54 மீட்டர் அகலமும்தான். பட்டை ஸ்பிரிங்கால் முதுகு வலிக்கும், உண்மைதான். ஆனால் 1.3 லிட்டர் இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் சேலத்தில் நிறைய இருக்கின்றன. டீசல்தான் வேண்டுமென்றால் மிட்சுபிஷி பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். தேடுங்கள். அது நம் திருவள்ளூர் ஆலையில் பூட்டிய வண்டி என்பதால் தனியார் இறக்குமதி என்ற சிக்கல் இல்லை.

நாகலூர் மிளகு எழுதியது:

நேற்று ஈரோட்டுக்குப் போய் வந்தேன். உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சீட் பெல்ட் சீட்டில் 1993 என்று தெளிவாக இருந்தது. பில் ஆஃப் என்ட்ரி கேட்டதற்கு, "பழைய முதலாளியிடம் இருக்கிறது, பணம் கட்டியபின் வாங்கித் தருகிறேன்" என்றார். வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வரும்போது மனம் கனத்துத்தான் இருந்தது.

தருமபுரியில் 2004ஆம் ஆண்டுப் பஜேரோ ஒன்று, முதலிலிருந்தே தமிழ்நாட்டுப் பதிவில், இரண்டாவது உரிமையாளரிடம் இருக்கிறது. அதில் ஃபோர் வீல் போட்டால் டாஷ்போர்டில் முன் சக்கர விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. இது பெரிய செலவா?

அஸ்தம்பட்டி பட்டறை எழுதியது:

பெரும்பாலும் சிறிய செலவுதான். அந்த வண்டியில் முன் அச்சை இணைக்கும் கிளட்ச் வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் விசையால்) இயங்குவது. ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, அந்த வேக்குவத்தைத் திறந்து மூடும் மின்வால்வான சாலினாய்டு அடைத்திருந்தாலோ இணைப்பு முழுமையாக விழாமல் விளக்கு சிமிட்டும். ஆனால் விற்பவர் சொல்வதை நம்பி அப்படியே முடிவு செய்யவேண்டாம். மண் தரையில் லோ கியர் போட்டு, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே தருமபுரிக்கு வந்து அடியில் படுத்துப் பார்க்கிறேன்.