ஆங்கில வகுப்புக்குக் கண்டுபிடிப்புக் கதைகள் தேவை, உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. பெரியவர்களுக்கு ஆரம்பநிலை ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அடுத்த பாடம் அன்றாடக் கண்டுபிடிப்புகளும் தகவல் தொடர்பும். பாடநூலில் படமும் பெயரும் ஆண்டும்தான் இருக்கின்றன. அதை வைத்து யாரையும் பேச வைக்க முடியாது.

நான் தேடுவது, எளிய ஆங்கில வாக்கியம் ஒன்றாவது உள்ள கதைகள். 1876-ல் கிரகாம் பெல் டெலிபோனில் முதலில் பேசியது, அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனை 'இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்' என்று கூப்பிட்டதுதான். ஆங்கிலத்தில் அது எவ்வளவு சுலபமான வாக்கியம்! 1992 டிசம்பர் 3-ல் போன முதல் எஸ்எம்எஸ் 'மெரி கிறிஸ்துமஸ்'. அதைக் கணினியில் தட்டித்தான் போனுக்கு அனுப்பினார்கள். ஏன் கணினி என்று கேட்டாலே வகுப்பு கலகலக்கும். 1844-ல் மோர்ஸ் அனுப்பிய தந்தி வாசகம் வேண்டாம். பைபிளின் பழைய ஆங்கிலம், எனக்கே நாக்கு சுளுக்குகிறது.

நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்காயிலிருந்து, பை, செருப்புகளில் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை பிறந்ததே, அதுபோல வீட்டுப் பொருள்களின் கதைகள் தெரிந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், போன் பேச்சுப் பயிற்சி. முகம் தெரியாததால் திணறுகிறார்கள் என்று, இருவரை முதுகோடு முதுகு உட்கார வைத்துப் பேசச் சொல்கிறேன். கூச்சம் போகிறது, ஆனால் 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' குழப்பம் மட்டும் தீரவில்லை. இதற்கு யாராவது வகுப்பில் செய்து பார்த்த விளையாட்டு இருக்கிறதா? வாய்ஸ் மெசேஜ் வைத்து வீட்டுப்பாடம் கொடுத்தவர்களும் எழுதுங்கள்.