தேர்தல் வேட்பாளர் பற்றிய செய்தி: நாளிதழிலும் செய்தித் தளத்திலும் வருவதை எண்ணி ஒப்பிட்டவர்கள் சொல்லுங்கள், எங்கே சறுக்கும்?

நாளிதழுக்குப் போடும் பத்தி-சென்டிமீட்டர் கணக்கை (செய்தி எத்தனை பத்தி அகலம், எத்தனை செ.மீ. நீளம் என்ற அளவை) இணையத்துக்கும் போட்டால் முதல் நாளே மாட்டிக்கொள்வோம். அச்சில் இடம் அருமை. எத்தனையாம் பக்கம், மடிப்புக்கு மேலா கீழா, படம் உண்டா என்று பார்த்தாலே பாதி சேதி தெரிந்துவிடும். தளத்தில் இடப் பஞ்சம் முகப்புப் பக்கத்தில் மட்டும்தான். ஒரு செய்தி அங்கே எத்தனையாவது இடத்தில், எத்தனை மணி நேரம் நின்றது என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவுகோலில் அளக்கக்கூடியவை: தலைப்பு, சொற்களின் எண்ணிக்கை, வேட்பாளரின் பேச்சு நேரடியாக வந்த வரிகள்.

—

முகப்பு நேரத்தை அளக்க லிங்க் போதாது. காலையில் ‘பின்னடைவு’ என்றிருந்த தலைப்பு மாலையில் ‘கடும் போட்டி’ ஆகிவிடும்; லிங்க் மாறியிருக்காது. தினமும் காலை 8, மதியம் 1, இரவு 9 என்று நேரம் குறித்து முழுநீள ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கட்டுரையை அன்றே பிடிஎஃப் ஆக்குங்கள். லாகின் கூடாது, குக்கீயையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தளம் உங்கள் ரசனைக்கு அடுக்கிக் கொடுத்ததைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். இரவுக் கூட்டத்தின் செய்தி அச்சில் மறுநாள்தான் வரும் என்பதால், தேதியை விட்டுவிட்டு நிகழ்ச்சியை வைத்து ஜோடி சேர்ப்பது நல்லது. ஏஜென்சி செய்தியை (செய்தி நிறுவனத்திடம் வாங்கிப் போடுவதை) தனியாகக் குறியுங்கள். இரு பக்கமும் அதே வரிகள் இருந்தால் ‘இரண்டும் ஒரே போக்கு’ என்று ஏமாந்துபோவோம்.

—

தொனிதான் பெரிய தலைவலி. சாதகம், பாதகம், நடுநிலை என்று இருவர் தனித்தனியே குறித்து, 90 சதவீதம் ஒத்துப்போகிறது என்று மகிழ்வார்கள். 100 செய்தியில் 90-ஐ இருவரும் நடுநிலை என்கிறார்கள். மீதி 10-இல் ஆளுக்கு 5-ஐ மட்டும் பாதகம் என்கிறார்கள், ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்று வையுங்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒப்புதலை அளக்கும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா (முழு ஒப்புதலுக்கு 1) பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். இந்த ஆல்ஃபா வழக்கமாக 0.80 இருக்க வேண்டும் என்பார்கள்; 0.667-க்குக் கீழ் என்றால் விதிகளைத் திருத்திவிட்டு மறுபடி குறிக்க வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு விதியில்தான் இருக்கும். ‘கருத்துக்கணிப்பில் பின்தங்கினார்’ என்பது பாதகமா, வெறும் தகவலா? அதை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். யார் முந்துகிறார் என்ற பந்தயச் செய்திக்குத் தனி வகை கொடுத்துவிட்டால் இந்தச் சண்டை பாதி குறையும்.

—

தலைப்புக்கும் உள்ளே இருக்கும் செய்திக்கும் தொனியைத் தனித்தனியாகக் குறியுங்கள். க்ளிக்குக்காகத் தலைப்பை மட்டும் காரமாக்கும் தளங்கள் அந்த இடைவெளியில்தான் பிடிபடும்.