எட்டு நோம்பி சக்கரம் நம்ம ஊருக்கு ஒத்து வருமாங்க?

நொய்யல்கரை:
வணக்கமுங்க, திருப்பூர்ல மூணாவது மாடி அப்பார்ட்மெண்ட். கூட வேலை செய்யற இங்கிலாந்துக்காரம்மா ஒருத்தங்க பேகன் வழி, அதாவது ஐரோப்பாவுல கிறிஸ்தவத்துக்கு முந்துன இயற்கை வழிபாட்டைத் தழுவுனது, டிசம்பர் 21 நடுக்குளிர்கால யூல், மே 1 கோடை தொடங்கற பெல்டேன்னு வருசச் சக்கரமா எட்டு நோம்பி கும்புடறாங்க. அதைக் கேட்டதுல இருந்து எனக்கும் பருவத்தோட ஒட்டி இருக்கோணும்னு ஆசையாயிருச்சு, போன யூலுக்கு வெளக்கெல்லாம் ஏத்தி வெச்சேன், ஆனா மனசு ஒட்டலைங்க, அங்க நாலு மணிக்கே இருட்டிப்போய் வெயிலுக்கு ஏங்கறாங்க, இங்க அந்த ஏக்கம் எங்கிருந்து வரும்? பொங்கலுக்கு வாசல்ல கட்டற காப்புக்கட்டு (பூளப்பூ, ஆவாரை, வேப்பந்தழைக் கொத்து) வாங்கியாந்து குடுத்தா எது பூளப்பூ எது ஆவாரைன்னு ஏழு வயசுப் புள்ளைக்குத் தெரியல. இத்தனைக்கும் எங்கப்பாரு காட்டுக்காரரு. எங்க ஆரம்பிக்கறதுங்க?

கீழ்பவானி வாய்க்கா:
அந்த எட்டும் ஒரே ஊருல ஒட்டுக்கா இருந்ததில்லீங்க. சம்ஹைன், இம்போல்க், பெல்டேன், லூனாசா நாலும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துப் பழைய நாளு, மிச்சம் நாலு சூரியன் கணக்கு (பகல் ரொம்ப நீளமான நாளு, ரொம்பக் கொறைஞ்ச நாளு, பகலும் ராவும் சமமா வர்ற ரெண்டு நாளு), 1950கள்ல இங்கிலாந்துல தான் ஒண்ணாக் கோத்தாங்க. ஆஸ்திரேலியால இருக்கற பேகன்காரங்க நெறையப் பேரு யூலை ஜூன்ல தான் வெக்கறாங்க, அங்க அப்பத்தான குளிர்காலம். அவங்களே மண்ணுக்குத் தக்கன நாளை மாத்திக்கறாங்க, நாமளும் அப்படித்தான் பண்ணோணும். இன்னொண்ணு, பெல்டேனுக்கு ரெண்டு தீக்கு நடுவால மாட்டை ஓட்டுவாங்களாம், மேய்ச்சலுக்குக் கெளம்பறதுக்கு முன்னால சீக்கு அண்டக்கூடாதுன்னு. படிச்சப்ப எனக்கு மாட்டுப்பொங்கலுக்கு மாட்டுப்பட்டியில வெக்கற நம்ம பட்டி நோம்பி தான் கண்ணுல வந்துச்சு.

காங்கேயம் அம்மாயி:
கண்ணு, மாட்டுப்பொங்கல் பொழுதோட ஊருக்குப் புள்ளையக் கூட்டிட்டுப் போ. பட்டி முன்னால சாணியில கரை கட்டி தண்ணி ஊத்தி தெப்பக்குளம் வெப்போம், மாட்டுக்குப் பொங்கச்சோறும் பழமும் ஊட்டிட்டு "பட்டி பெருக, பால் பானை பொங்க"ன்னு சத்தம் போட்டுட்டே குளத்தைத் தாண்ட உடுவோம், கன்னுக்குட்டி தயங்கி நின்னு மோந்து பாத்துட்டு ஒரே தாவா தாவும் பாரு, அதைப் பாக்கோணும். காப்புக்கட்டை வாங்காதீங்க. போகிக்கு முந்துன நாளு வரப்புல போய் நீங்களே ஒடிங்க. ஐப்பசி கார்த்திகை மழை நல்லாப் பேஞ்சிருந்தா பூளை வெள்ளையா நெறைஞ்சு கெடக்கும். 2016ல மழை ஏமாத்துச்சே, அந்தத் தை மாசம் ஒரு கை பூளைக்கு நாலு காடு தாண்டி நடந்தேன், காப்பு கட்டறப்ப அழுகையே வந்துருச்சு.

கூடுதுறை:
மாடி வீட்டுலயும் ஆடி நல்லா வரும்ங்க. ஆடி 1க்குத் தேங்கா சுடற நோம்பி, எங்க ஈரோடு, சேலம் பக்கம் விசேசம். நாரைத் தேச்செடுத்துட்டு கண்ணைத் தொறந்து பச்சப்பயறு, பொட்டுக்கடலை, எள்ளு, அவல், வெல்லம் போட்டு அழிஞ்சிக் குச்சியில சொருகி மொட்டை மாடில நெருப்பு போட்டுச் சுடுங்க, ஓடு வெடிக்கற சத்தத்துக்கே புள்ளைங்க குதிக்கும். அப்பறம் கூடையில மண்ணும் எருவும் போட்டு நவதானியம் தெளிச்சு முளைப்பாரி வளத்து ஆடி 18க்கு பவானி ஆத்துல உடுங்க. ஆடிக்காத்து, வெதைப்பு, ஆத்துல புதுத்தண்ணி எல்லாம் அந்தப் பதினெட்டு நாளுக்குள்ளயே இருக்குது.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. அம்மாயி, நீங்க எழுதுனதைப் புள்ளைக்குப் படிச்சுக் காட்டினேன், கன்னுக்குட்டி பேரு என்னன்னு கேக்கறா. போகிக்கு முந்துன நாளு லீவு போட்டுட்டு ஊருக்குப் போறோம். பூளைய வேரோட புடுங்கலாமா, தண்டோட ஒடிக்கறதா?

காங்கேயம் அம்மாயி:
தண்டோட ஒடி கண்ணு, வேரு கெடக்கட்டும். கன்னுக்குட்டி பேரு செவலை.